சமர்த்துப் பயறு

என் வீட்டுக்காரர் வீட்டுக்காரர்களை ஆராய்ச்சி செய்கிறவர். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். வாடகை ஏன் ஏறுகிறது, ஒரு தெருவில் ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால் சுற்றியிருக்கிற வீடுகளில் குடியிருப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதெல்லாம் அவர் படிப்பு. நாங்களே இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

நான் கணக்கு. எதற்காவது உதவுகிற கணக்கு என்று எங்கள் துறை தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சொன்ன யோசனையின்படி, ஒன்றோடொன்று ஒட்டாத நாலு பேரை ஒரே மாடியில் உட்கார வைத்திருந்தார்கள்: நான், என் வீட்டுக்காரர், புகை காற்றில் எப்படிப் பரவுகிறது என்று அளக்கிற ஓர் இயற்பியல்காரர், பயிர்நோய் பார்க்கிற என் அக்கா. பரவுகிற எதையும் ஒரே கணக்கில் பிடித்துவிடலாமா என்பது திட்டம். ரொம்ப நாளைக்கு நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் தேநீர் குடித்ததுதான்.

அக்கா மட்டும் அந்த மாடியில் அதிகம் தங்கமாட்டாள். அவளுக்கு வயல்தான் எல்லாம். பயறுச் செடிக்கு மஞ்சள் நோய் என்று ஒன்று வரும். வெள்ளை ஈ நோயாளிச் செடியில் உட்கார்ந்து உறிஞ்சும், பறந்து போய் அடுத்த செடியில் உட்காரும், அதோடு அதுவும் போச்சு. இலை மஞ்சளாகும், காய் பொக்கையாகும். இந்த நோய்க்கு அசையாத ஒரு பயறை உண்டாக்க அக்கா பன்னிரண்டு வருடம் போராடினாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை எல்லாம் "இந்த விதைப்புப் பட்டம் முடியட்டும்" என்று துரத்தினாள். கடைசியில் ஒரு செடி வந்தது. சுற்றிலும் மஞ்சள் பூத்துக் கிடக்க, இது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. எந்தத் தொந்தரவும் கொடுக்காததால் வயலில் வேலை செய்த பெண்கள் அதற்குச் சமர்த்து என்று பேர் வைத்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவுக்கும் அதே பேர்தான். எனக்கு வைத்த பேர்களை இங்கே சொல்லவேண்டியதில்லை.

சமர்த்து வெளியே போக இன்னும் ஓர் அறுவடைதான் பாக்கி. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய மூலவிதை, ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளியே, அக்கா குத்தகைக்கு எடுத்திருந்த வயலில், பிஞ்சும் காயுமாக நின்றது. குளிர் அறையில் மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி. இந்த வயலில் விளைவதுதான் பன்னிரண்டு வருடத்தின் பலன்.

அந்த வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி. அந்தப் பக்கத்துக்காரரை நாங்கள் வேலிக்காரர் என்றே சொல்வோம். அவரும் பயறுதான் போட்டிருந்தார், பழைய ரகம். போன பட்டமும் மஞ்சள், இந்தப் பட்டமும் மஞ்சள். களை எடுக்காமல் ஈயை வளர்த்துவிட்டு என் வயலுக்கு அனுப்புகிறீர்களா என்று அக்கா அவரை வேலியோரமாக நிறுத்தி வைத்துத் திட்டுவாள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுக்கொள்வார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதர்.

எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. சுற்றுவட்டார வயல்களில் எந்தச் செடி எப்போது மஞ்சளானது என்று அக்காவின் ஆட்கள் குறித்து வைத்திருந்தார்கள். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று இயற்பியல்காரர் அளந்து கொடுத்தார். நோய் எங்கிருந்து கிளம்பி எப்படிப் பரவியது என்று நான் கணக்குப் போட வேண்டும். வேலிக்காரர் வயலில் நோயைக் கிளப்பிவிட்டுப் பார்த்தேன், கணக்கு ஒட்டவில்லை. சாலையோரத்துக் களையில் கிளப்பினேன், ஒட்டவில்லை. எரிச்சலில், எங்கே வேண்டுமானாலும் கிளம்பு என்று கணினியிடமே விட்டுவிட்டேன். அது நேராகப் போய் அக்காவின் வயலுக்கு நடுவில் உட்கார்ந்தது.

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். நோயே இல்லாத இடத்திலிருந்து நோய் எப்படிக் கிளம்பும்? கூட்டல் கழித்தலை எங்கோ மாற்றிப் போட்டிருப்பேன் என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. சாப்பாட்டு மேஜையில் அந்தப் படத்தை விரித்து வைத்திருந்தபோது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு பச்சைக் கட்டம், சுற்றிலும், அதற்குக் கிட்டப் போகப் போக அடர்த்தியாகிற மஞ்சள்.

"இது எந்தத் தெரு?" என்று கேட்டார்.

தெரு இல்லை, வயல் என்றேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நடுவில் இருக்கிற வீடு எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும், சுற்றியிருப்பவர்கள் காலி செய்வதைப் பார்த்துத்தான் அந்த வீட்டை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு நான் கூட்டல் கழித்தலைத் தேடவில்லை.

மறுநாள் அக்காவின் ஆய்வகத்துக்குப் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாத வாய் எனக்கு. படத்தை அவள் முன்னால் வைத்து, உன் செடிக்கு நோய் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கண்ணை வைத்துப் பார், ஒரு மஞ்சள் புள்ளி காட்டு பார்க்கலாம் என்றாள். நான் படத்தை அவள் பக்கம் இன்னும் தள்ளி வைக்கவும் சிரிப்பு நின்றது.

"அக்கா, பச்சை இலையை எப்பவாவது சோதனைக்குப் போட்டியா?"

போட்டதில்லை. பன்னிரண்டு வருடமும் மஞ்சளான இலையைத்தான் அரைத்து, பிழிந்து, சோதித்திருந்தார்கள். திடகாத்திரமாக நடமாடுகிறவனை யார் பிடித்து ரத்தம் எடுப்பார்கள்?

உனக்குச் சின்ன வயதிலிருந்தே என் மேல் ஒரு இது, நான் எதைச் செய்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது என்று கத்தினாள். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் நான் படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் சோதனையை அவள் யாரிடமும் விடவில்லை. தானே இலை பறித்து, தானே பிழிந்து, தானே பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள பூரா இருக்கு. வேலிக்காரர் செடியில இருக்கறதைவிட இதுல அதிகமா இருக்கு."

சமர்த்து நோயை எதிர்க்கவில்லை, தாங்கிக்கொண்டது. உள்ளே அத்தனையும் வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் காட்டாமல் காய்த்தது. வெள்ளை ஈக்கள் அதில் வயிறாரக் குடித்துவிட்டு வேலியைத் தாண்டிப் போயின. எதிர்ப்பு, தாங்குதல் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருடம் விழுந்துவிட்டது. அக்கா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கையைப் பிடிக்கவாவது தெரிந்திருக்கும்.

இரண்டு பேருமாக நிலையத்தின் இயக்குநரிடம் போனோம். குதிப்பார், திட்டத்தை ஊற்றி மூடுவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"இதைக் குறைன்னு யார் சொன்னா? பக்கத்து வயல்ல இது நின்னா பழைய ரகம் எதுவும் தாங்காது. ரெண்டு மூணு பட்டத்துல எல்லாரும் இதுக்கே வந்துடுவாங்க. நாம விக்கவே வேண்டாம், அதுவே தன்னை வித்துக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பி, முதலில் எந்தெந்த இடத்தில் விதைத்தால் சீக்கிரம் பரவும் என்று உங்கள் கணக்கு சொல்லும் அல்லவா மேடம் என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குள் நாசமாகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் முன்னே பின்னே எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்றார். அக்கா படத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். ஒரு கட்டடக் கம்பெனிக்காரரும் அவரிடம் இதையேதான் கேட்டிருக்கிறார், எந்த வீட்டில் ஆரம்பித்தால் தெருவே சீக்கிரம் காலியாகும் என்று.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன். அவர் வேற ஆளைப் பிடிச்சுக்கிட்டார்."

நான் கணக்கைத் தரமாட்டேன் என்று இயக்குநருக்கு எழுதிவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விதை அக்காவுடையது. அவள் சரி என்றால் சரி. அவள் சரி என்றுதான் சொல்வாள் என்று நான் பயந்தேன். அதைவிட மோசம், சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் எனக்குள் ஒரு மூலை ஆசைப்பட்டது. என் அக்கா ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க எனக்கு உரிமை இல்லையா? அந்த நாட்களில் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அக்கா போன் செய்து, வயலுக்கு வா என்று மட்டும் சொன்னாள். நான் போனபோது வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வேலிக்காரர். வழக்கம்போலத் திட்டு விழப்போகிறது என்று அவர் தலையைச் சொறியத் தயாராக இருந்தார்.

"அண்ணே, உங்க வயலுக்கு நோய் என் வயல்லேர்ந்துதான் வந்திருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் உங்களைப் பேசினதுதான் தப்பு."

அவர் தன் வயலைப் பார்த்தார், அவள் வயலைப் பார்த்தார். "உங்களுதுல ஒரு இலைகூட பழுக்கலையேம்மா."

"உள்ள இருக்கு. வெளிய காட்டாது."

அவர் யோசித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்ப எனக்கும் இந்த விதையையே குடுத்துடுங்கம்மா. நோய் இருந்துட்டுப் போகட்டும். காய் காய்க்குதில்ல, அது போதும்."

"உங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் என்ன செய்வாரு?"

"அவருக்கும் குடுங்க. எல்லாருக்கும் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு."

இயக்குநர் சொன்ன அதே பேச்சு. ஆனால் இரண்டு பட்டம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன மனிதர் சொல்லும்போது என்னால் அதில் எந்தத் தப்பையும் காட்ட முடியவில்லை. அக்கா நிதானமாகச் சொன்னாள்:

"எல்லா வயல்லயும் இந்த நோய் உட்கார்ந்துட்டா அது சும்மா இருக்காது அண்ணே, மாறும். மாறிச்சுன்னா இந்தச் செடியும் விழுந்துடும். அன்னிக்கு உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற விதை இல்ல."

"அன்னிக்குக் கதையை அன்னிக்குப் பாப்போம்மா. இந்தப் பட்டத்துக்கு நான் என்ன பண்ண?"

அக்கா வேலியை விட்டுத் திரும்பினாள். குனிந்து முதல் செடியைப் பிடுங்கினாள். காய் இன்னும் முற்றக்கூட இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் கம்பி வேட்டியைக் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் வேலியைத் தாண்டி வந்தார்.

"வேண்டாம்மா. உயிரோட இருக்கற செடிம்மா. எனக்குத் தர வேண்டாம், யாருக்கும் தர வேண்டாம், நிக்கட்டும்மா."

அக்கா அடுத்த செடிக்குப் போனாள். அவர் ஓடிப்போய் அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு அதற்கு அடுத்ததைப் பிடுங்கினாள். அவள் கை நிற்கவில்லை.

"பாத்துட்டு நிக்காதடி. நீ அந்தக் கடைசி வரிசையில ஆரம்பி."

போனேன். வயல் வேலை எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்த பிறகுதான் முதல் செடி வந்தது. வேர் முழுக்க உருண்டை உருண்டையாக முடிச்சு. நல்ல செடிக்குத்தான் அப்படி இருக்கும் என்று அக்கா எப்போதோ சொல்லித் தந்திருந்தாள். பின்னால் அவர் அழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பாமல் அடுத்த செடியைப் பிடுங்கினேன்.