காணாமல் போன பன்னிரண்டு கிலோமீட்டர்

பாலுசாமிக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்பும், பம்ப் கம்பெனியும், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானமும் உண்டு. மூன்றில் எது மெதுவானாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மோட்டாரைக் கழற்றுவது.

விமானம் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் போகும் என்கிறது அதனுடன் வந்த புத்தகம். ஆயுத பூசைக்குப் பிறகு நூற்று அறுபத்தெட்டைத் தாண்டவில்லை.

"எஞ்சினுக்கு மூச்சு வாங்குதுங்க. திங்கக்கெழமை கழட்டிப்போடலாம்" என்றார்.

கழற்றினால் மாட்ட ஆறு மாதம். அவருடைய தம்பி மகள் லோகப்பிரியாவுக்கோ பைலட் வேலைக்கு மார்ச்சுக்குள் இன்னும் பல மணி நேரம் பறந்தாக வேண்டும். எஞ்சின் நலம் என்று நிரூபிக்க, ஏரோநாட்டிக்கல் இறுதியாண்டு படிக்கும் என்னை அழைத்தாள். என் நான்கு அரியர்களைப் பற்றி மரியாதைக்காக யாரும் பேசவில்லை.

லோகப்பிரியா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, நாலாயிரம் அடியில், எஞ்சினை முக்கால் சக்தியில் வைத்துக் காரமடைப் பக்கம் போய், அதே வழியில் திரும்பினோம். பாலக்காட்டுக் காற்று போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். இரண்டுக்கும் சராசரி எடுத்தால்தான் உண்மை வேகம். அதே நூற்று அறுபத்தெட்டு.

"பெட்ரோல் புத்தகத்துல சொன்ன அளவு குடிக்குது. அப்ப சக்தியும் முழுசாத்தான் வருது" என்றேன்.

"அப்பப் பன்னண்டு எங்கடா போச்சு?" என்றாள் லோகப்பிரியா.

சன்னல் வழியே இறக்கையைப் பார்த்தேன். முன்விளிம்பு நெடுகச் சந்தனப் பொட்டு. பூசைக்கு வைத்தது மழையில் கரைந்ததால், பம்ப் கம்பெனி பெயிண்டரை விட்டு எனாமலில் மேல் மேலாகத் திட்டுத் திட்டாக வைத்திருந்தார் பாலுசாமி. வழுக்கிப் போகவேண்டிய காற்று, பொட்டுக்குப் பொட்டு இடறிக்கொண்டிருந்தது.

"நீயே சொல்லு. நான் சொன்னா ஊட்டுல சோறு கெடைக்காது" என்றாள்.

இறங்கியதும் பாலுசாமி இளநீர் நீட்டினார். "ஏனுங் தம்பி, எஞ்சின் எப்படிங்?"

"கல்லாட்டம் இருக்குதுங்க. பொட்டுதானுங்க காத்தைத் தடுக்குது."

"சாமி எதுக்குங் தம்பி தடுக்கப்போவுது?"

"சாமி இல்லீங்க, பெயிண்டுங்க."

அவர் முகம் இறுகியது. லோகப்பிரியா முன்னால் வந்தாள். "பெரீப்பா, நம்மளுக்கு உள்ளார சீட்டு, சாமிக்கு மட்டும் வெளிய எதுர்காத்தா?"

பாலுசாமி உள்ளே சீட்டையும் வெளியே இறக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "அது மரியாதையில்லீங்க அம்மணி" என்றார்.

பொட்டுகளைத் தேய்த்து எடுத்தார்கள். உள்ளே, மீட்டருக்குப் பக்கத்தில் மூன்று பொட்டு. மறுபடியும் பறந்தோம். அதே உயரம், அதே சக்தி. நூற்று எழுபத்தொன்பது.

"பாக்கி ஒண்ணு?" என்றார் பாலுசாமி.

"தெரியலீங்க."

"நீங்க குடிச்ச எளநி, தம்பி."

எஞ்சின் தப்பியது. இப்போது அவருடைய பம்ப் லாரிகளுக்கும் பொட்டு உள்ளேதான், டீசல் மிச்சமாகிறதாம்.