கோழிக்குக் கேட்காத வண்டி

அவிநாசிக்குத் தெற்கே, தென்னந்தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகையில் சென்னகிருஷ்ணன் லேத் பட்டறை வைத்திருந்தான். பேருக்குத்தான் பம்புசெட் வேலை. அவன் உயிரெல்லாம் மண் டிராக் ரேஸ் வண்டிகளில் இருந்தது. கோயமுத்தூர்ப் பையன்கள் வண்டியை வேகமாக்கித் தரச் சொல்லி அவனைத் தேடி வருவார்கள். வருவதற்கு ஒரே தடம், அதுவும் கந்தப்பனின் காட்டுக்குள் போகிற தடம். வினை அங்கேதான் பிடித்தது.

கந்தப்பன் அவனுக்குப் பெரியப்பா மகன். பங்காளியும் பனங்காயும் பதம் பார்த்து வெட்டணும் என்பார்கள். சென்னகிருஷ்ணனுக்கு இரும்பின் பதம் தெரியும், மனுசன் பதம் தெரியாது.

தொண்ணூற்றாறில் கந்தப்பன் தடத்தோரம் கோழிப்பண்ணை போட்டான். அதே வருசம்தான் சென்னகிருஷ்ணன் தன் வண்டியின் சைலன்சருக்குள் இருந்ததையெல்லாம் உருவிப் போட்டு, ஊரே அதிர ஓட்டிப் பார்த்தான். குஞ்சுகள் மிரண்டு ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்தன. கந்தப்பன் செத்ததையெல்லாம் சாக்கில் அள்ளி வந்து பட்டறை வாசலில் கொட்டினான்.

"ஏனுங் தம்பி, இதுகளையும் ரேசுக்குக் கூட்டீட்டுப் போறீங்களா?"

இந்தப் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அந்த 'தம்பி'யைக் கேட்டதுமே கோபம் எவ்வளவு என்று சென்னகிருஷ்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சத்தம் அடங்கோணுங். இல்லீன்னா தடத்துல முள்ளு உழுகும்" என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் போனான்.

முள் விழுந்து தடம் அடைபட்டால் பட்டறை செத்தது. தப்பு தன்னுடையது என்றும் அவனுக்குத் தெரியும். அதனாலேயே வீம்பு வந்தது. சத்தத்தை அடக்குவேன், வேகத்தையும் விட மாட்டேன் என்று உட்கார்ந்தான். முதலில் குழாய்க்குள் தட்டி தட்டியாகத் தகடு வைத்து அடைத்தான். சத்தம் போயிற்று, வண்டியும் கிழட்டு எருமையாகப் போயிற்று. பிறகு தகட்டை வெட்டி, நடுவில் வயிறு பெருத்த குழாயாகப் பற்றவைத்தான். வேகத்தை அந்த வயிறு தந்தது. வால்பக்கம் பொத்தல் போட்ட குழாய் ஒன்றைச் சொருகி, கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, மேலே இன்னொரு குழாயை மாட்டினான். பஞ்சை இறுக்கினால் இழுவை போனது, தளர்த்தினால் இரைச்சல் வந்தது. கையெல்லாம் பஞ்சு ஏறி அரிக்க, ஐந்தாம் தடவையில் பதம் கிடைத்தது. பட்டறையிலிருந்து தார்ரோடு வரை பத்தொன்பது விநாடி எடுத்த வண்டி, இப்போது பதினேழில் போனது.

ஞாயிறு காலை பண்ணையை ஒட்டியே முழு வேகத்தில் போய்த் திரும்பினான். ஒரு கோழிகூடத் தலை தூக்கவில்லை. கந்தப்பனின் மனைவி முத்தாத்தாள், "வண்டி எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டாள். கந்தப்பன் முகம் கறுத்தது. தடத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டாவது கொட்டகை போடலாம் என்று அவன் போட்டிருந்த கணக்கு அந்த முகத்தில் தெரிந்தது.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். சென்னகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "இனி என்ற வண்டிச் சத்தத்துல ஒரு கோழி செத்தாலும் தடத்த நானே அடைச்சுப்போடறேனுங்ணா" என்றான்.

பத்தாம் நாள் விடியலில் கரண்ட் போனது. சூட்டுக்குப் போட்ட பல்புகள் அணைய, புதுக்குஞ்சுகள் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று அண்டி, இருநூறு செத்தன. விடிந்ததும் கந்தப்பன் ஊரில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"சொன்ன சொல்லு இருக்குதுங்களா தம்பி?"

"கரண்ட் போனது ஊருக்கே தெரியுங்ணா. இன்ஜின் முந்தாநாத்திலிருந்து கழட்டிக் கெடக்குது, வந்து பாருங்க."

"கழட்ட எத்தன நேரமாவுதுங்?"

சென்னகிருஷ்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்ப அங்காளம்மன் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, என்ற வண்டியாலதான் செத்துதுன்னு. முள்ள நானே வெட்டிப் போடறேன்." எவனும் பொய்க்குச் சூடம் அணைக்க மாட்டான் என்று நம்பினான்.

கந்தப்பன் குளித்துவிட்டே வந்தான். கோயில் படியில் சூடம் எரிந்தது. முத்தாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் பேரன் மிதுன். கந்தப்பன் கண்ணைச் சிமிட்டாமல் உள்ளங்கையை ஓங்கினான்.

அப்போதுதான் சென்னகிருஷ்ணனுக்கு உறைத்தது. பங்காளிகளுக்குக் குலதெய்வம் ஒன்று. இங்கே அடிக்கிற பொய்ச் சத்தியம் எந்த வீட்டுக்காரன் அடித்தான் என்று பார்க்காது, வம்சத்தையே பிடிக்கும். நாலு வயது மகள் லோகப்பிரியாவுக்குப் போன மாசியில் இதே படியில்தான் மொட்டை போட்டார்கள். ஓங்கின கை இறங்க, பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாங்ணா."

"நீங்க கேட்டதுதானுங்களே தம்பி."

"கேட்டது என்ற தப்புங்."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. கந்தப்பன் கையை உதறிக்கொண்டு, "முள்ளு நீங்களே போடறீங்களா, நான் ஆளு உடட்டுங்களா?" என்றான்.

"நானே போடறனுங்."

உச்சி வெயிலில் வேலிக்கருவையை வெட்டி, தடத்துக்குக் குறுக்கே இழுத்துப் போட்டான். மூன்றாவது கிளையை இழுக்கும்போது மறுமுனையை முத்தாத்தாள் வந்து பிடித்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"எங்க மிதுனையும் சேத்துத்தானுங் தம்பி காப்பாத்துனீங்க."

சென்னகிருஷ்ணனுக்கு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முள்ளை அவள் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்தான்.

"அத உங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க."