இருநூறு மீட்டர் மேற்கே

மார்ச் 11, செவ்வாய்.

பிழை என்னுடையது. இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது. மாலைநேரக் கதை எழுதும் வகுப்பின் ஆசிரியை, "கோபம் அடங்குறவரைக்கும் 'நான்' வேண்டாம், 'அவள்'னு எழுதிப் பாருங்க" என்றார். ஆகவே, அவள்.

1.

"பூமிக்கடியில் உறங்கும் நிக்கல் ஓர் இரகசியத்தைப் போல—"

(அடித்துவிட்டேன். எதுவும் உறங்கவில்லை.)

மறுபடியும்: வரைபட அறையில் ஜன்னல் கிடையாது. அவள் வேலை, ஒரு வரைபடத்தின்மேல் இன்னொன்றைப் பொருத்தி, எங்கே துளையிட்டால் நிக்கல் கிடைக்கலாம் என்று இடங்களை வரிசைப்படுத்துவது. விமானத்திலிருந்து அளந்த வரைபடத்தில், மின்சாரம் நன்றாகக் கடத்தும் இடங்கள் சிவப்பாகத் தெரியும். நிக்கல் தாது கடத்தும். பென்சில் கரியான கிராஃபைட்டும் கடத்தும். எது எதுவென்று விமானத்துக்குத் தெரியாது. நடந்து போய்ப் பாறையை உடைத்துப் பார்த்தவர் வரைந்த வரைபடம்தான் சொல்லும்.

இரண்டு வரைபடங்களும் வேறு வேறு அளவைக் கட்டங்களில் இருந்தன. ஒன்றை மற்றதன் கட்டத்துக்கு மாற்ற அவள் மறந்தாள். சிவப்பு இருநூறு மீட்டர் கிழக்கே நகர்ந்து, நிக்கல் இருக்கக்கூடிய கரும்பச்சைப் பாறைமேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த இடத்துக்கு முதலிடம் கொடுத்தாள். நேற்றுத்தான் கண்டுபிடித்தாள்.

2.

பாறை வரைபடம் வரைந்தவரை அலுவலகத்தில் 'சுத்தியல்' என்பார்கள். அவரிடம் முதலில் தொலைபேசியில் சொன்னாள்.

"மூணு மாசம் நடந்தேம்மா. அந்த இடத்துல பாறையத் தொட்டாலே கை கரியாகும். அத்தனையும் கிராஃபைட்டு. நாலாவது இடத்தைப் பாருங்கன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். உன் கம்ப்யூட்டருக்குக் கால் இருந்தா அதுவே போய்ப் பார்த்திருக்கும்."

இந்தப் பருவத்துக்கு ஒரே துளைதான். அது வெறுமையாகப் போனால் அந்தப் பகுதியையே கைவிடுவார்கள். நாலாவது இடத்தை யாரும் தொடமாட்டார்கள், சுத்தியலுக்கும் அங்கே வேலை இருக்காது.

அவள் பிரிவுத் தலைவரிடம் போனாள். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பார்; பெயரே அதுவாகிவிட்டது. இன்று அதைச் சொல்லவில்லை. அந்த முதலிடத்தோடு சுருக்க அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டதாம்.

"இருநூறு மீட்டர்தானேம்மா."

"அந்த இருநூறு மீட்டர்லதான் சார் பாறையே மாறுது."

"மேல யாரு அதை விரிச்சுப் பார்க்கப் போறா? முழு அறிக்கையில அந்தப் பாறை வரைபடத்த மட்டும் எடுத்துடு. நாளைக்கு கையெழுத்துப் போட்டுக் குடு."

'மதிப்பிட்டவர்' என்ற இடத்தில் அவள் பெயர். பிழை செய்தது அவள்தான், ஆனால் அதை மறைக்கும் பொய் அவளுடையதல்ல. ஒரு மனிதரின் மூன்று மாத நடையை ஒரு தாளோடு உருவி எறியச் சொல்ல இவருக்கு எப்படி வாய் வந்தது? அதற்குக் கீழே என் பெயரையும்

(அவள் பெயரையும்.)

* தலைவரை வில்லனாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். முதல் படியில் 'உறுமினார்' என்று எழுதியிருந்தேன். அவர் உறுமவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தேநீர் கேட்பதுபோல்தான் சொன்னார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

3.

முடிவுகள்:

அ. கையெழுத்திடுகிறாள். துளையிலிருந்து கரி வருகிறது. மதிப்பிட்டது யார் என்று எல்லாரும் தேடுகிறார்கள்.

ஆ. தாளை மேசைமேல் எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். வகுப்பில் கைதட்டுவார்கள். மறுநாள் அதே நாற்காலியில் வேறொருத்தி கையெழுத்திடுவாள். அதற்கு யார் கைதட்டுவது?

இ. திருத்திய வரைபடத்தை மேலிடத்துக்கு நேரே அனுப்புகிறாள். வேலை போகலாம். நாலாவது இடத்திலும் ஒன்றும் இல்லாமல் போகலாம். வரைபடம் யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. இதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

எதையும் முடிவென்று எழுதமாட்டேன். நான் செய்யாததை அவள் செய்ததாக எழுதினால், எனக்கும் தலைவருக்கும் என்ன வித்தியாசம்? உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே எழுதுங்கள்.

நாளை, புதன். எட்டரைக்குள் வரைபட அறை. விமான வரைபடத்தைச் சரியான கட்டத்துக்கு மாற்றிப் பாறை வரைபடத்தின்மேல் பொருத்த வேண்டும். மூன்று படிகள் அச்செடுக்க வேண்டும். கையெழுத்துப் படிவம் பத்து மணிக்கு வரும்.