நாள் உண்டியல்

கம்பி லாரி வரவில்லை என்பதால் காலையிலிருந்து எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். மீமிசலில் மெயின் ரோட்டை ஒட்டி ஐஸ் பிளாண்ட் ஒன்றும், அதன் பக்கத்தில் மீன் பேக்கிங் ஷெட் ஒன்றும் எழும்பிக்கொண்டிருந்தன. தகரக் கொட்டகைக்குள், காங்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்டரிங் மேஸ்திரி பெரியகருப்பனும் கம்பி கட்டும் நாகராசும் கவிழ்த்துப் போட்ட சட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்திருந்த இன்ஜினியர் சத்யா சிமென்ட் மூட்டைகள்மேல் லேப்டாப்பை விரித்திருந்தாள்.

"ஐஸ் பிளாண்ட் கூரைக்குப் பலகை அடிக்க எத்தன நாளு ஆகும் மேஸ்திரி?"

"இருவது நாளு போட்டுக்கங்க மேடம்."

"போன சைட்டுலயும் இருவதுதான் சொன்னீங்களாம். சின்னக் கூரைக்கும் இருவது, பெரிய கூரைக்கும் இருவதா?"

நாகராசு சிரித்துவிட்டான். இருபது என்றால் அதில் வேலை பாதிதான். மீதிப் பாதியில் மழை, காய்ச்சல், சாவு, காதுகுத்து, மாடுபிடி எல்லாம் அடக்கம். இந்தத் தொழிலில் யாரும் லீவு கேட்பதில்லை, கேட்டாலும் கிடைக்காது. அதனால் நாளைச் சொல்லும்போதே லீவையும் உள்ளே மடித்து வைத்துவிடுவார்கள். கேட்கிறவனுக்கும் அது தெரியும், குறைப்பான். குறைப்பான் என்று தெரிந்தே இவர்களும் ஏற்றிச் சொல்வார்கள்.

இந்தத் தடவை பெரியகருப்பன் மடித்து வைத்திருந்தது செவந்தியின் ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் அவன் மனைவிக்கு உதிரப்போக்கு நிற்பதில்லை. ஆனி கடைசியில் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூடத் தங்க ஓர் ஆள் வேண்டும், ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். தன் செட்டு ஆட்கள் இருவரிடம் ஆஸ்பத்திரி வரை வர வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். பொம்பளைச் சமாச்சாரத்தைச் சைட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

சத்யா லேப்டாப்பை மூடிவிட்டு அவர்கள் எதிரிலேயே ஒரு சட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"இங்க எல்லா வேலையும் சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்டிருக்கு. ரெண்டு கட்டடத்துக்கும் ஒரே சென்டரிங் செட்டு. மேஸ்திரி முடிச்சாத்தான் மத்தவங்களுக்கு வேலை. அதனால ஒங்க ஆளுங்களை அங்கிட்டுப் பாதி இங்கிட்டுப் பாதின்னு பிரிக்க விட மாட்டேன். ஒண்ண முடிச்சுட்டு அடுத்தது. ஆனா உண்மையான நாளைச் சொல்லணும். மிச்ச நாளையெல்லாம் மொத்தமா ஒரு உண்டியல்ல போட்டு வேலையோட கடைசியில வச்சிருப்போம். யாருக்கு அவசரமோ அதுலேர்ந்து எடுத்துக்கலாம். தாமசமானா யாரும் ஏசக் கூடாது."

"உண்டியல் சாவி யாருட்ட மேடம்?" என்றான் நாகராசு.

"சாவியெல்லாம் இல்ல. பொது."

நாகராசு டீ குடிக்கப் போன பிறகும் பெரியகருப்பன் எழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தான்.

"ஆனி கடைசியில எனக்கு நாலஞ்சு நாளு வேணும் மேடம். வீட்டுல ஆபரேஷன்."

"தாராளமா எடுத்துக்கங்க மேஸ்திரி. நீங்க போட்ட நாளுதானே அது."

"அப்ப பத்து நாளு போட்டுக்கங்க" என்றான்.

வேலை ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடியது. பலகை முடியப் போகிறது என்று சத்யா முன்கூட்டியே சொல்லிவிடுவதால் நாகராசு கம்பியோடு தயாராக நின்றான். முன்பெல்லாம் சீக்கிரம் முடித்தாலும் மூச்சு விட மாட்டார்கள். சொன்னால் அடுத்த தடவை நாளைக் குறைத்துவிடுவார்கள் என்று, மீதி நாளுக்குச் சுத்தியலால் சும்மா தட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது பெரியகருப்பன் இறங்கி வந்து, "முடிஞ்சிருச்சு மேடம்" என்றான். சொல்லிவிட்டு, நாமா சொன்னோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உண்டியல் கரையாமல் இருப்பதை லேப்டாப்பில் பச்சைப் பட்டையாகச் சத்யா காட்டினாள். அந்தப் பச்சையால்தான் வினை வந்தது.

மேனேஜர் அரவிந்த்குமார் புதுக்கோட்டையிலிருந்து காரில் வந்து இறங்கி அதைப் பார்த்தார். திறப்பு விழா ஆவணியில் என்று முடிவாகியிருந்தது. ஆடியில் யார் திறப்பு விழா வைப்பார்கள்? ஆனால் வேலை ஆனியிலேயே முடிந்துவிடும் போலிருக்கிறது, ஆடி முழுக்க வீணாகக் கிடக்கிறது என்று அவருக்குப் பட்டது. நின்ற இடத்திலேயே ஓனருக்குப் போன் போட்டார்.

"ஆனி கடைசி முகூர்த்தத்துலயே தெறந்துரலாம்னு சொல்லிட்டேன். ஓனருக்கு ஒரே சந்தோசம்" என்றார் சத்யாவிடம்.

"சார், அது பஃபர். ஏதாவது தவறிப்போனா எடுக்கறதுக்கு வச்சது."

"ஒண்ணும் தவறலையே? பச்சையாத்தான இருக்கு?"

"அவங்கல்லாம் நம்பிக் குடுத்த நாளு சார். மேஸ்திரி வீட்டுல ஆபரேஷன். அவருக்கு நாலஞ்சு நாளு தாரேன்னு சொல்லிருக்கேன்."

"ப்ராஜெக்ட் பஃபர்னுதான பேரு போட்டிருக்கீங்க? ப்ராஜெக்ட் யாரோடதுங்க, மேஸ்திரியோடதா?"

சத்யாவுக்கு முகம் சிவந்தது. அவள் படித்ததில் இப்படி ஒரு கேள்வியே இல்லை.

ஆனி கடைசி என்று ஆனதும் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஷெட் கூரைக்குக் காங்கிரீட் போடும் நாள், செவந்தியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாளாகவே வந்து விழுந்தது. பெரியகருப்பன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நேராக அரவிந்த்குமாரிடம் போனான்.

"போறதுன்னா போங்க. யாரு புடிச்சு வச்சா?" என்றார் அவர். "அறந்தாங்கியிலேர்ந்து வேற செட்டு கூப்பிட்டுக்கறேன். அப்புறம் நம்ம சைட்டு எதுக்கும் நீங்க வர வேணாம், அவ்வளவுதான்."

செட்டு ஆட்கள் பலகையைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தார்கள். பெரியகருப்பனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவரை என்ன சொல்வது? தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் ஒரே ஒரு தடவை உண்மை நாளைச் சொன்னான்.

"நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன் மேஸ்திரி" என்று சத்யா பின்னாலேயே வந்தாள்.

"கேட்டீங்கள்ல, போதும். இருவதுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம். நீங்க குறைச்சாலும் எனக்குன்னு அஞ்சு நாளாவது மிஞ்சிருக்கும்."

அவள் கொட்டகைக்குத் திரும்பிப் போனாள்.

அவன் காங்கிரீட்டுக்கு நின்றுவிட, செவந்தி தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கச்சியை வரச் சொல்லியிருக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். தங்கச்சி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், வர மாட்டாள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். பொழுது சாய அதே பையோடு திரும்பி வந்தாள். பெரியகருப்பன் கையில் ஒட்டியிருந்த சிமென்டைக் கூடக் கழுவாமல் வாசலில் நின்றிருந்தான்.

"கூட ஆளில்லாம எப்புடிம்மா ஆபரேஷன் பண்றதுன்னாங்க. நாயந்தான? ரத்தத்துக்கும் ஆளில்ல. ஆடி பாதியில வரச் சொல்லிருக்காங்க."

"காங்கிரீட்டை நடுவுல நிப்பாட்ட முடியாது புள்ள."

"ஆமா, அது மட்டுந்தான் நிப்பாட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில், ஷெட் கூரைக்குக் கொடுத்த முட்டைக்கூடப் பிரிக்காமல், ஐஸ் பிளாண்ட் கேட்டில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, ரிப்பன் வெட்டினார்கள். அப்புறம் முட்டையும் பலகையையும் பிரித்ததோடு வேலை முடிந்தது. ஆடியில் யாரும் புதுக் கட்டடம் தொடங்குவதில்லை என்பதால், அடுத்த சைட் இல்லாமல் செட்டு மொத்தமும் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஆடி பாதியில் பெரியகருப்பனும் செவந்தியும் புதுக்கோட்டை பஸ் ஏறினார்கள். பஸ் நிற்கும் இடம் வரை அவளால் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. இப்போது ரத்தம் கொடுக்க இரண்டு பேர் பின் சீட்டில் இருந்தார்கள். இவள் உடம்பில் இருக்கிற ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொல்வாரோ என்று பெரியகருப்பன் அவள் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தான்.

ஆள் ஏற்றுவதற்காக பஸ் ஐஸ் பிளாண்டுக்கு எதிரில் நின்றது. கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே நிழலில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியகருப்பன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்னண்ணே, பூட்டிக் கெடக்கு?"

"மெஷினு ஆவணியிலதான் வருதாம்ப்பா. கரண்டே இன்னும் இழுக்கல. சும்மாதான் கெடக்கு."

செவந்தி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி அந்தப் பக்கம் பார்த்தாள். கேட்டின் இரு பக்கமும் கட்டியிருந்த வாழைமரங்கள் காய்ந்து மடிந்திருந்தன. ஓர் ஆடு கேட்டில் முன்னங்கால்களை ஊன்றி எழும்பி, எட்டிய மட்டும் சருகை இழுத்து, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.