கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை

கிறிஸ்துநாயகம் அண்ணை என் வரைபடத்தில் சிவப்புக் கோடு இழுத்தது டொரன்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில், அவருடைய வீட்டின் கார் விடும் கராச்சில் வைத்து. உள்ளே இத்தாலிப் பளிங்கு போட்ட குசினி பளபளவென்று சும்மா கிடந்தது. நாங்களோ கராச்சில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். பக்கத்து அடுப்பில் அவருடைய மனைவி குணவதி அக்கா சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய பெரிய ஆக்கள் வந்து தங்கப்போற இடம், சுபாங்கி. ஆர்ட்டிக் தீவில கொண்டுபோய்க் கராச் குசினி வைக்கப்போறீரோ?" என்றபடி அண்ணை பொரியல் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் கட்டும் அந்தத் தங்குமிடத்தின் உள்வேலை முழுவதும் என்னுடையது. கூடத்துச் சுவரெல்லாம் வெளிர் மரம். குளிருக்காகக் காற்றுப் புகாமல் அடைத்த கட்டடம். அவர் ஆசைப்பட்டபடி கூடத்து நடுவிலேயே பளிங்குக் குசினியும் வைத்தேன். அங்கே ஒருநாள் கருவாடு பொரித்தால் மூன்று மாதத்துக்கு மணம் போகாது. அதனால்தான் கூடத்துக்குப் பின்னால் சூடேற்றாத ஓர் அறையும், அதில் அடுப்பும் புகையிழுக்கும் விசிறியும் வரைபடத்தில் கீறியிருந்தேன். அவர் சிவப்புக் கோட்டால் அந்த அறையைப் பாதியாக வெட்டினார்.

"திறக்க முதல் நாங்கள் நாலு பேரும் போய் நாலு நாள் இருப்பம். அந்த அறையை ஒருதரும் பாவிக்காட்டி உடைச்சுச் சோனாக் குளியலறை ஆக்கிறன். அடுத்த தீவு வேலையும் வேற ஆளுக்குத்தான்."

அடுத்த தீவில் பன்னிரண்டு குடில்கள். அது கிடைக்காவிட்டால் என் சின்ன அலுவலகத்தைப் பூட்டவேண்டியதுதான்.

"ஓம் அண்ணை, போவம்," என்றேன்.

யூலையில் போனோம். அவர்கள் இருவர், நான், என் கணவர் ராகுலன். சூரியன் மறையவே இல்லை. கட்டிலில் படுத்தபடியே மிதக்கும் பனிக்கட்டி தெரியும்படி ஜன்னல்களை நான்தான் வைத்தேன். நன்றாகத்தான் வைத்திருந்தேன்.

சாப்பாடுதான் வேறு கதை. அங்கத்தைச் சமையற்காரர் வைத்த பெரிய தட்டின் நடுவில் பச்சை மீன் மூன்று துண்டு, மேலே கொஞ்சம் பாசி. அண்ணை ஒவ்வொரு முறையும் "அருமை" என்றார். ராகுலனுக்கு இரண்டாம் நாளே பொறுக்கவில்லை.

"நான் போய் ஒரு முட்டை பொரிக்கட்டோ?"

"அந்தப் பக்கம் போனீங்களெண்டால் மார்க்கத்துக்கு நீந்தித்தான் வரோணும்," என்றேன். நாங்களே பாவித்து வெல்வதில் எனக்கு விருப்பமில்லை.

மூன்றாம் நாள் அண்ணை அளவுநாடாவோடு அந்த அறைக்குள் போய்ச் சோனாவுக்கு அளவெடுத்தார். அடுத்த தீவு வேலை கைநழுவுவது தெரிந்தது. ஆனாலும் நான் கீறியது பிழை என்று ஒருகணமும் நினைக்கவில்லை.

நாலாம் நாள் பதினொரு மணிக்குப் படகு. காலையில் கோப்பியோடு கூடத்துக்கு வந்தேன். மரத்தின் மணம் மட்டும்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம் விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

போய்க் கதவைத் திறந்தேன். தடித்த ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக அண்ணை கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். குணவதி அக்கா மடியில் பலகை வைத்து வெங்காயம் வெட்டினார். பாசி பரிமாறிய சமையற்காரர் கையில் முள்ளுக்கரண்டியோடு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கருவாடு எங்கால?" என்று கேட்டேன்.

"சப்பாத்துக்குள்ள சுத்தி வைச்சுக் கொண்டுவந்தவர்," என்றார் அக்கா. "டொரன்டோவில பெட்டி அடுக்கேக்கையே."

அண்ணை விசிறியைக் கூட்டிவிட்டார்.

"கூடத்தில பளிங்குக் குசினி சும்மா கிடக்குதே அண்ணை. அங்க பொரிச்சிருக்கலாமே?"

"உமக்கென்ன விசரே? அந்த மரம் என்னத்துக்கு ஆகும்?" அவருடைய முழங்கை சமையற்காரரின் விலாவில் இடித்தது. "இதென்ன அறை, திரும்ப இடமில்லை. அடுத்த தீவில இரண்டு மடங்கு பெரிசாக் கீறும்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. என்றாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"முதலே அப்பிடித்தான் கீறினனான். நீங்கள்தான் பாதியா வெட்டினனீங்கள்."

அவர் கருவாட்டைப் புரட்டிப் போட்டார்.

"சரி, சரி. உள்ளுக்கு வந்து கதவைச் சாத்தும். மணம் கூடத்துக்குப் போகப்போகுது."