பூஜ்யத்தில் நின்ற குமிழ்

"யாரும் அசையாதீங்க!" என்று கையை உயர்த்தினார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கூடத்தின் நடுவே முக்காலிமேல் சின்ன மைக் நின்றது. புதிய ஹோம் தியேட்டர் பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக 'டூப்... டூப்' என்று கூவ வைத்து, எது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அளந்துகொண்டிருந்தது. அடுப்படி வாசலில் மனைவி கரண்டியும் கையுமாக நின்றாள். சோபாவில் மாமனார், போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் விறைத்திருந்தார். இந்த வாரத்தில் இது எத்தனையாவது அளவு என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

மாமியார் தவறியபின் மாமனார் இந்த வீட்டோடு வந்துவிட்டார். ஆயுள் முழுக்க ஆலையில் கடைசல் மெஷின் பக்கத்தில் நின்றதில் காது மந்தம். படத்தில் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான் ஹோம் தியேட்டர் வாங்கியது. ஆனால் பாட்டுக்கென்று ஆசையாய் வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பரணில் போட மருமகனுக்கு மனம் வரவில்லை. முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கரையும் அது நடத்தட்டும், பின்னால் உள்ளதைப் புதுசு பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டையும் ஒயரால் இணைத்தார். மாட்டையும் குதிரையையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதையாயிற்று. ஒருநாள் படத்தில் ஆட்கள் கத்துவார்கள், மழை முணுமுணுக்கும். மறுநாள் மழை கொட்டும், ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். வால்வின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த இடத்திலேயே இருந்தால்தான் எடுத்த அளவு நிற்கும். அதை யார் தொடப்போகிறார்கள்? வால்வுக்குத்தான் கிழடு தட்டுகிறது என்று நினைத்தார்.

அன்று காலையில் அளந்துவிட்டுக் கடைக்குப் போனவர், மாலை வந்து படம் போட்டார். மறுபடியும் மழைதான் பேசியது.

"சே! இந்த வீட்ல ஒண்ணாவது வெச்ச மாதிரி இருக்குதா?" ரிமோட் சோபாவில் விழுந்து எகிறியது.

"ஊர்க் கண்ணையெல்லாம் அளக்கறீங்க, ஒரு பெட்டிய அளக்கத் தெரியல. கோவம் மட்டும் எங்க மேலயா?" என்றாள் மனைவி.

மாமனார் மெல்ல எழுந்தார். "மாப்ள, நான் கொஞ்ச நாள் பெரிய பையன் வீட்ல இருந்துட்டு வரேன். போன்ல சொல்லிட்டேன். நாளைக்கு வண்டி அனுப்பறேன்னான்."

"எதுக்கு மாமா?"

"காதுதான் கேக்காது. மூஞ்சி தெரியுதில்ல."

சொல்லிவிட்டு வழக்கம்போல் எல்லாவற்றையும் அணைக்கப் போனார். வால்வின் சுவிட்சைத் தொடுமுன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"தினமும் பண்றதுதான். நிறுத்தறதுக்கு முன்னாடி பூஜ்யத்துக்குக் கொண்டாந்துடணும். அடுத்த ஷிப்டுக்காரன் தெரியாம சுவிட்சப் போட்டான்னா கை போயிடும்ல."

மனைவி கரண்டியால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "கொறச்சது நீங்கன்னு நெனச்சு, தினமும் சாயங்காலம் நான்தாங்க ஏத்தி வெக்கறேன். ஏதோ ஒரு குத்துமதிப்பா."

தொண்டைவரை வந்த வார்த்தையோடு கடைக்காரர் குமிழைப் பார்த்தார். அதன்மேல் இருந்த மாமனாரின் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. கல்யாண நாளிலிருந்து பார்க்கும் விரல்தான்; எப்படிப் போயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. நல்லவேளையாக, சில நேரம் ஆண்டவன் நம் வாயைத் தன் கையாலேயே பொத்திவிடுகிறான்.

மனைவியின் நகப்பூச்சை எடுத்து வந்தார். குமிழை ஓரிடத்தில் நிறுத்தி, அதற்கு நேராகச் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். மூவரும் மூச்சை அடக்க, பெட்டி மறுபடி 'டூப்... டூப்' என்று அளந்து முடித்தது. பிறகு குமிழைத் தானே பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

"மாமா, நிறுத்தறப்ப பூஜ்யம். படம் போடறப்ப இந்தப் புள்ளி. ரெண்டும் உங்க ஷிப்டு."

"நாளைக்கு வண்டி வருமே, மாப்ள."

மருமகன் விளக்கை அணைத்துவிட்டு சோபாவில் இடம் விட்டு உட்கார்ந்தார். வாசலோரம் மாமனாரின் பை கட்டியபடி இருந்தது. வால்வுகளின் செம்மஞ்சள் வெளிச்சத்தில் கிழவர் குனிந்து குமிழை இம்மியிம்மியாய் நகர்த்தினார். புள்ளியைத் தொட்டதும் நிறுத்தி, சரிதானா என்று தடவிப் பார்த்தார். இன்னும் காயாத சிவப்பு, நுனியில்லாத அந்த விரலில் ஒட்டிக்கொண்டது.