நான்கு விரக்கடை மடிப்பு

1996 மே மாதத்தில் நாகல் நகர் தையல்காரர் கிளெமென்ட் நான்கு விரக்கடை உயரம் குறைந்தார். அதே மாதம் சந்தையில் தக்காளி விலை இரண்டு மடங்காக ஏறியது. தெருவில் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கிளெமென்டுக்கும் புவியியல் வாத்தியார் ராயப்பராஜுக்கும் இருந்த நட்பை அங்கே எல்லாரும் உயரத்தை வைத்தே சொல்வார்கள். ஜூன் மாத அந்தோனியார் திருவிழாவில் சப்பரத்தின் முன்தண்டுகள் இரண்டையும் பதினான்கு வருடமாக அவர்கள்தான் தூக்கினார்கள். முன்னால் தூக்கும் இருவரின் தோளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு தோள் தாழ்ந்தால் மேலே நிற்கும் அந்தோனியார் சுரூபம் அந்தப் பக்கம் சாயும், பாரமும் அங்கேயே இறங்கும். அதனால் கொத்தனார் மரியசெல்வம் திருவிழாவுக்கு முந்தின நாள் கட்டட வேலைக்கான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒருவர் தோளிலும் மறுமுனையை மற்றவர் தோளிலும் பிடிப்பார். எவ்வளவு வளைத்துப் பிடித்தாலும் டியூபின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதை வைத்துத் தோள்களைச் சரிபார்ப்பார். பதினான்கு வருடமும் மயிரிழை வித்தியாசம் வந்ததில்லை.

அந்த வருடக் கோடை விடுமுறையில் ராயப்பராஜ் தனியாக நேபாளம் போனார். "ஏலே, நீயும் வாடா" என்று கூப்பிடத்தான் செய்தார். ஆனால் ஏப்ரலும் மேயும் தையல்காரர்களுக்குப் பள்ளிச் சீருடைக் காலம். நானூறு உருப்படி வெட்டாமல் கிடந்தன. கிளெமென்ட் போகவில்லை. பதிலுக்கு, முதுகில் மாட்டும் பை ஒன்றைத் தார்ப்பாய்த் துணியில் இரட்டைத் தையல் போட்டு, தோள்பட்டையில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

முதல் கடிதம் பொக்காராவிலிருந்து வந்தது. ஏரியைப் பற்றியும், அதில் தலைகீழாகத் தெரியும் பனிமலையைப் பற்றியும் எழுதிவிட்டு, பிர் பகதூர் என்ற படகுக்காரர் நண்பராகிவிட்டதாகவும் அவர் "அப்படியே உன்னை மாதிரி" என்றும் ராயப்பராஜ் எழுதியிருந்தார். மறுநாள் காலை கிளெமென்டின் கால்சட்டை தரையில் இழுபட்டது. அளந்தால் முக்கால் அங்குலம், அதாவது ஒரு விரக்கடை, குறைந்திருந்தது. அவர் சந்தேகப்பட்டது உடம்பை அல்ல, டேப்பை. துணி டேப் பழசானால் நீளும். நீண்டால் கோடுகள் தள்ளிப்போய் அளவு குறைத்துக் காட்டும். புது டேப் வாங்கி அளந்தார். முக்கால் அங்குலம்தான். அதற்குள் பழைய டேப்பில் அளந்த முப்பது சீருடைகளைப் பிரித்துத் தைத்திருந்தார். அவை அத்தனையும் பெரிதாகப்போயின.

இரண்டாவது கடிதத்தில் கெஞ்சி என்ற ஜப்பான் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவரும் உன்னை மாதிரி. இன்னொரு விரக்கடை போயிற்று. மூன்றாவது கடிதத்தில் ஏழு பேர் சேர்ந்து நடந்ததாக இருந்தது. ஆனால் யாரும் கிளெமென்ட் மாதிரி இல்லை, உயரமும் குறையவில்லை. இதிலிருந்து எது காரணம் என்று அவருடைய மனைவி வினோலியா கண்டுபிடித்துவிட்டாள். குறைந்தது முழங்காலுக்குக் கீழேதான், சட்டை அளவு மாறவில்லை என்பதையும் அவள்தான் கவனித்தாள். நான்காவது கடிதத்தில் ஆஸ்திரியா தச்சர் ஒருவரும், சுமை தூக்கும் கோவேறு கழுதை ஒன்றும் இருந்தார்கள். இருவரும் உன்னை மாதிரி.

"ஏங்க, கழுதைக்குமா ஒரு விரக்கடைய விட்டுக் குடுத்தீங்க?" என்றாள் வினோலியா, கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டபடி.

"அதுகூடப் பத்து நாள் ஒண்ணா நடந்திருக்கான்" என்றார் கிளெமென்ட். "என்கூட அவன் வத்தலக்குண்டு வரைக்கும்கூட நடந்ததில்ல."

கால்சட்டையின் அடியை வெட்டக் கத்தரியை எடுத்தவரை வினோலியா தடுத்தாள். "வெட்டிட்டா வெட்டுனதுதான். மடிச்சு விடுங்க."

அவருக்குக் கால்சட்டை கவலையில்லை. முன்தண்டு கவலை. சப்பரத்துக்குக் கீழே ராயப்பராஜின் பக்கத்தில் நடக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான், அவருக்குத் தன்னைப்போல் சமமாக வேறு யாரும் இல்லை என்று ஊருக்கே தெரியும். மில்லில் வேலை பார்க்கும் ஸ்டான்லி, ராயப்பராஜுக்குச் சரியான உயரத்தில் இருந்ததால், அந்த முன்தண்டுக்காக இப்போது துண்டை மடித்துத் தோளில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் ராயப்பராஜ் பையோடு நேராகக் கோயிலுக்கு வந்தார். முகம் கறுத்து உரிந்திருந்தது. மரியசெல்வம் டியூபைப் பிடித்தார். தண்ணீர் கிளெமென்டின் தோளுக்கு மேலே நான்கு விரக்கடையில் போய் நின்றது. டியூபில் காற்றுக் குமிழ் இருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும் என்பதால் தட்டிப் பார்த்தார். குமிழ் இல்லை.

"என்னலே ஆச்சு?" என்றார் ராயப்பராஜ்.

"உக்காந்தே தைக்கிறேன்ல. அதான்."

"பொய்யிண்ணே" என்றாள் வினோலியா. "உங்க கடுதாசில 'உன்னை மாதிரி'ன்னு வந்த கூட்டாளிக நாலு பேரு, ஆளுக்கு ஒரு விரக்கடை. அதுல ஒண்ணு கழுத."

ராயப்பராஜ் சொன்னார்: "மாப்ள, முன்னப்பின்ன தெரியாதவங்கிட்டப் பேச எனக்குப் பயம்டா. முத மூணு நாளு ஒரு வார்த்தை பேசல. அப்புறம் எவன் உன்னைய மாதிரி இருக்கானோ அவங்கிட்ட மட்டும் போயிப் பேசுனேன்."

அவர் பையைத் தரையில் கவிழ்த்தார். அழுக்குத் துணியும் கம்பளிக் குல்லாவும் விழுந்தன. வெறும் பையை நான்காக மடித்து, பஞ்சு வைத்த பக்கம் கீழே இருக்கும்படி கிளெமென்டின் தோளில் வைத்தார். மரியசெல்வம் மறுபடியும் டியூபைப் பிடித்தார். "மட்டம் சரி" என்றார். ஸ்டான்லி துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்தண்டுக்குப் போனான். மறுநாள் சுரூபம் நேராகவே போனது.

சப்பரத்தை இறக்கி வைத்த பிறகு கிளெமென்ட் கேட்டார்: "அந்தக் கெஞ்சி நெசமாவே என்னைய மாதிரியா?"

"காது மட்டும்."

அடுத்த நாள் காலை அரை விரக்கடை ஏறியிருந்தது. வினோலியா கோடு போட்டுவிட்டுக் காபி போடப் போனாள்.

அதற்குப் பிறகு ராயப்பராஜ் ஆறு முறை பயணம் போனார். 1999இல் கிளெமென்டின் உயரம் இரண்டு விரக்கடை இறங்கியது, 2003இல் ஒன்று, 2005இல் ஒன்றுமில்லை. அந்த வருடம் விடாமல் மழை, யாரும் சிக்கவில்லை என்று ராயப்பராஜ் வருத்தத்தோடு எழுதியதைக் கிளெமென்ட் இரண்டு தடவை படித்தார். திருவிழா முடிந்ததும் உயரம் மெதுவாக ஏறும், முழுதாக ஏறியதில்லை. பையை எத்தனை மடிப்பு மடிப்பது என்பதை மரியசெல்வம் டியூபைப் பார்த்துச் சொல்வார். வளர்கிற பிள்ளைகளின் சீருடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லி அம்மாக்கள் கேட்பது வழக்கம். அந்த உருப்படிகளோடு சேர்த்துக் கிளெமென்ட் தன் கால்சட்டைகளுக்கும் உள்பக்கம் நான்கு விரக்கடை மடிப்பு விட்டே தைத்துவந்தார்.